பதில் தட்டாத சுத்தியல்

இது நடந்த கதை. கட்டி விட்ட கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். 1984, ஐப்பசி மாதம். கொடைக்கானலுக்கு மேலே, பூம்பாறை போகிற வழியில், தவளைக்குழி ஏரிக்கரையில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று யார் சொன்னது? அதற்கென்ன ஷிப்ட் டூட்டியா? காசிநாதன் வாயாலேயே இதை நான் கேட்டேன். அப்புறம் அன்றைக்கு அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராகத் தனியே பிடித்துக் கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தைத்தான் சொன்னார்கள். இரண்டு ஐம்பது.

காசிநாதன் குழாய் மேஸ்திரி. பழனிப் பக்கத்து ஆள். அணைக்கட்டுக் குழாய்களுக்குள் தவழ்ந்து போய்த் துரு சுரண்டுவதும், ஒழுகுகிற மூட்டுகளை அடைப்பதும்தான் இருபத்தைந்து வருஷமாக அவருக்குச் சோலி. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரிப்பார். "குழாய்க்குள்ள எனக்கே எடம் பத்தல. இதுல பேய் எங்கிட்டு ஒக்காரும்?" என்பார்.

தவளைக்குழி ஏரி வெள்ளைக்காரன் காலத்து மண்கரை. கரையின் அடியில் ஒரு வார்ப்பிரும்புக் குழாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். ஏரித் தண்ணீரைத் திறந்து விடுகிற குழாய். ஒரு ஆள் முழங்காலில் தவழ்ந்து போகலாம், நிமிர முடியாது. எழுபது வருஷத் துரு அதைத் தின்றுவிட்டது. மூட்டுக்கு மூட்டு கசிவு. கசிந்த தண்ணீர் கரை மண்ணை உள்ளேயிருந்தே கரைத்துக்கொண்டு வந்தது. கீழே வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் வந்தவரை யாரும் கவலைப்படவில்லை. புரட்டாசி மாதம் அது டீ நிறத்தில் வந்தது. கரை மண்ணே கரைந்து வருகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் பயந்தார்கள். ஏனென்றால் கரைக்கு நேர் கீழே வரிசை வீடுகள் கொண்ட லயம். சிலோனிலிருந்து வந்து குடியேறிய இருபது குடும்பங்கள், பிள்ளை குட்டிகளோடு.

கரையை வெட்டிக் குழாயை மாற்றலாம் என்றால் ஐப்பசி மழை தலைக்கு மேல் நிற்கிறது. அதனால் கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் சேனாதிபதி புது முறை ஒன்றைக் கொண்டுவந்தார். கம்பளி மாதிரி தடித்த துணியில் தைத்த நீளமான பை. அதை ரெசின் என்கிற பிசினில் ஊறவைத்து, சட்டைக் கையை உள்வெளியாகத் திருப்புவது போலத் தண்ணீரை விட்டுத் தள்ளினால், அது குழாயின் சுவரோடு ஒட்டிக்கொண்டே போகும். பிறகு உள்ளே இருக்கிற தண்ணீரைப் பாய்லரில் சூடு ஏற்றிச் சுற்ற விட வேண்டும். ஆறு மணி நேரத்தில் துணி கல்லாகிவிடும். பழைய குழாய்க்குள்ளேயே ஒரு புதுக் குழாய்.

சொல்லச் சுலபம். ரெசின் வெயில் பட்டாலே இறுகத் தொடங்கிவிடும். அதனால் மீன் லாரிக்காரர்களிடம் ஐஸ் வாங்கிப் பரப்பி, அதன் மேல் பையை அடுக்கி வத்தலக்குண்டிலிருந்து மலை ஏற்றினார்கள். முதல் லாரி பாதி மலையில் படுத்துக்கொண்டது. ஐஸ் உருகியது. பை லாரியிலேயே பாறையாகிவிட்டது. கடப்பாரை போட்டுத்தான் இறக்கினார்கள். இரண்டாவது பை நல்லபடியாக வந்து சேர்ந்தது. மூன்றாவது பை என்று ஒன்று கிடையாது. இதுவும் போனால் அந்த மழைக்குக் கரை நிற்காது. இதை சேனாதிபதி ஒளிக்காமல் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். குழாய்க்குள் இருந்து கத்தினால் வெளியே வெறும் ஓங்காரம்தான் வரும், பேச்சு புரியாது. அதனால் குழாய்க்காரர்கள் இரும்பில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு தட்டு உண்டு. உள்ளே இருப்பவன் தன் தட்டைத் தட்டினால் 'நான் இன்னான், நல்லா இருக்கேன்' என்று அர்த்தம். வெளியே நிற்பவன் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, 'கேட்டது' என்று சொல்லியே ஆக வேண்டும். விடாமல் ஐந்து தட்டினால் 'என்னை இழு'. அந்தச் சத்தம் வந்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டு ஓடிப்போய்க் கயிற்றை இழுக்க வேண்டும்.

ஒருவன் செத்தால்தான் அவன் தட்டை இன்னொருவனுக்குக் கொடுப்பார்கள். உயிரோடு இருப்பவன் தட்டைக் கொடுப்பது அவனுக்கு வாய்க்கரிசி போடுவதற்குச் சமம் என்பார்கள்.

காசிநாதன் அதைச் செய்திருந்தார்.

அவருக்கு ஒரு தம்பி. பெயர் பெரியண்ணன். தாத்தா பெயர். அண்ணனே தம்பியைப் பெரியண்ணா என்று கூப்பிட வேண்டிய கூத்து. பத்து வருஷம் இரண்டு பேரும் ஒன்றாகக் குழாய் வேலை பார்த்தார்கள். ஒருநாள் பெரியண்ணன் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மூச்சு முட்டுகிறதாம், கனவிலும் குழாய்தான் வருகிறதாம். வார்த்தை தடித்தது. "இன்னையோட நீ யாரோ நான் யாரோ" என்றார் காசிநாதன். அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளாவரை வழியாக மலை ஏறிக் கேரளத்துப் பக்கம் போய்விட்டான். ஏலக்காய்த் தோட்டத்தில் இருப்பதாகக் காற்றுவாக்கில் சேதி வந்தது. காசிநாதனுக்குக் கோபம் ஆறவில்லை. கொடைக்கானலிலிருந்து மரியசெல்வம் என்ற புது ஆள் வேலைக்குச் சேர்ந்ததும், தம்பியின் தட்டைத் தூக்கி அவனுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு, ஒன்று, மூன்று. அது யாருடையது என்று அவனிடம் சொல்லவும் இல்லை.

இனி அன்றைய தினத்துக்கு வருகிறேன்.

காலை ஏழரை. பையை உள்ளே விடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை குழாயைப் பார்த்துவர மரியசெல்வம் உள்ளே போனான். இடுப்பில் கயிறு. கயிற்றில் பத்தடிக்கு ஒரு முடிச்சு. வெளியே காசிநாதன் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார். குழாயின் நீளம் நூற்றிருபது அடி. ஏரிப் பக்கத்து முனையைப் பலகை வைத்து அடைத்தாயிற்று. அதற்கு மேல் போக வழியே இல்லை.

பன்னிரண்டாவது முடிச்சு அவர் விரலைத் தாண்டிப் போனது. பரவாயில்லை, முனையைத் தொட்டுவிட்டான் என்று நினைத்தார். பதின்மூன்றாவது முடிச்சும் போனது... பதினான்காவதும். கயிறு தொய்யவில்லை. யாரோ பிடித்து இழுப்பது போல விறைப்பாகப் போய்க்கொண்டிருந்தது. காசிநாதன் 'வெளியே வா' என்று தட்டினார்.

மரியசெல்வம் பின்னால் தவழ்ந்தே வெளியே வந்தான்.

"எல்லாம் கிளீனா இருக்குண்ணே. ஒரு மூட்டுல மட்டும் ஈரம். அதையும் அடைச்சிட்டேன்."

"முனை வரைக்குமா போன?"

"இல்லண்ணே, பாதிதான் போனேன். அந்த ஈர மூட்டே நடுவுலதான." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே... நான் தட்டினேன், நீங்க பதில் தட்டினீங்க. அது ஓகே. அப்புறம் எனக்கு முன்னால, பலகைப் பக்கத்துலேருந்து, என் தட்டையே தட்டினது யாரு?"

"எதிரொலிலே. போய்க் கஞ்சியக் குடி."

முடிச்சுகளைத் தப்பாக எண்ணியிருப்போம் என்று காசிநாதன் மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனால் கயிற்றைச் சுருட்டும்போது முடிச்சுகளை மறுபடி ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

பத்து மணிக்குப் பை உள்ளே போனது. ஒரு சுருக்கம் இல்லாமல் போனது. பதினொன்றரைக்கு பாய்லர்க்காரர் சுப்புராஜ் சூட்டை ஏற்றினார். மலைக் குளிரில் தண்ணீர் சூடேற மறுத்தது. விறகு போடப் போட வாங்கிக்கொண்டே இருந்தது. சேனாதிபதி தெர்மாமீட்டரை விட்டு நகரவே இல்லை. "சூடு எறங்கக் கூடாது. குழாய் மேல ஒருத்தரும் எதையும் வச்சுத் தட்டக் கூடாது. இறுகுற நேரத்துல அதிர்ந்தா, மேல் பக்கத்துத் துணி கழண்டு விழுந்துரும்" என்று ஒன்றுக்கு நான்கு தரம் சொன்னார்.

ஒரு மணிக்கு லயத்திலிருந்து சிவபாக்கியம் தூக்குவாளியில் டீ கொண்டுவந்தாள். கைக்குழந்தை இடுப்பில்.

"மேஸ்திரி ஐயா, இந்தத் தேத்தண்ணியக் குடிங்க. இன்னைக்கு ராவைக்காவது புள்ளைங்கள நிம்மதியாப் படுக்கப் போடலாமுங்களா?"

"சாயங்காலம் சொல்லுறேன் தாயி."

"சொல்லுங்க. நான் இங்ஙனயே ஒக்காந்திருக்கேன்."

அவள் போகவே இல்லை. பாய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு மேகம் இறங்கியது. கொடைக்கானல்காரர்களுக்கு அது தெரிந்ததுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏரி காணாமல் போனது, கரை காணாமல் போனது. பத்தடிக்கு அப்பால் நிற்பவர் யார் என்று தெரியவில்லை. தூறல் ஆரம்பித்தது. பாய்லர் மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

மணி இரண்டு ஐம்பது.

டங் டங்... டங்... டங் டங் டங்.

குழாய்க்குள் இருந்து.

சுப்புராஜ்தான் முதலில் அலறினார். "ஐயையோ... செல்வம் உள்ள இருக்கான்!"

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். மரியசெல்வத்தைக் காணவில்லை. எப்போது போனான், எங்கே போனான், யாருக்கும் தெரியாது. அவன் தட்டு அது. கூடவே வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியாதா? சுப்புராஜ் பாய்ந்து சூட்டை அடைத்தார். சேனாதிபதி முகத்தில் ரத்தம் இல்லை. குழாய் முழுக்கக் கொதிக்கிற தண்ணீர். அதற்குள் ஒரு ஆள் எப்படி இருப்பான், எப்படித் தட்டுவான் என்று யோசிக்க அந்த நேரத்தில் யாருக்கும் புத்தி இல்லை. சிவபாக்கியம் குழந்தையை இறுக்கிக்கொண்டு, "முருகா முருகா" என்றாள்.

"என்னண்ணே எல்லாரும் நிக்கிறீங்க?"

மேகத்துக்குள்ளிருந்து மரியசெல்வம் வந்தான். தோளில் விறகுக் கட்டு.

சுப்புராஜ் ஓடிப்போய் அவன் முதுகில் ஒன்று வைத்தார். "சொல்லிட்டுப் போக மாட்டியாலே, எடுபட்ட பயலே! ஈரக்கொலையே ஆடிப்போச்சு!" அடித்தவரே கட்டிப் பிடித்துக்கொண்டார். சேனாதிபதி சிரித்தார், கண்ணில் தண்ணீர். "இரும்புய்யா, இரும்பு. சூடானா விரியும், சத்தம் போடும். பாய்லரத் தொறங்க, வெரசா!"

எல்லோரும் சிரித்தார்கள். காசிநாதனும் சிரித்தார்.

டங் டங்... டங்... டங் டங் டங்.

சிரிப்பு நின்றது. எல்லோரும் மரியசெல்வத்தையே பார்த்தார்கள். அவன் தோளில் விறகு அப்படியே இருந்தது.

"என்னைப் பாக்காதீங்க சார்... ப்ளீஸ்... நான் இங்கதான நிக்கேன்..."

"இரும்பு," என்றார் சேனாதிபதி. இந்தத் தடவை சத்தமாகச் சொல்லவில்லை.

காசிநாதனுக்குத் தெரிந்துவிட்டது. மரியசெல்வம் தட்டினால் கடைசித் தட்டும் மற்றவை மாதிரியே விழும். பெரியண்ணன் தட்டினால் கடைசித் தட்டு மட்டும் கொஞ்சம் இழுபடும், சோம்பல் முறிக்கிற மாதிரி. பத்து வருஷம் கேட்ட காது அது. இப்போது வந்ததில் கடைசித் தட்டு இழுபட்டது.

மூன்று பத்து. மறுபடி அதே தட்டு. பதிலுக்குக் காத்திருப்பது போல ஒரு இடைவெளி.

மூன்று பதினாறு. மறுபடி. மறுபடி இடைவெளி.

காசிநாதன் குழாயின் வாய்ப்பக்கம் போனார். பையின் முனையைக் கட்டியிருந்த வளையத்துக்குப் பின்னால் ஒரு சாண் இரும்பு வெளியே தெரிந்தது. மண்டியிட்டு அதில் காதை வைத்தார். கன்னம் சுட்டது. எடுக்கவில்லை.

உள்ளே பம்பு தள்ளுகிற தண்ணீரின் இரைச்சல். அதற்கும் உள்ளே...

டங் டங் டங் டங் டங்.

இழு.

அவர் கை தானாகவே சுத்தியலை எடுத்தது. ஒரே ஒரு தட்டு. 'கேட்டதுடா' என்று ஒரு தட்டு. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"மேஸ்திரி!" சேனாதிபதி ஓடிவந்து எதிரில் நின்றார். பிடுங்கவில்லை, கத்தவில்லை. இரண்டு கையையும் கூப்பினார். "உங்களுக்கு என்ன கேக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா இப்பத்தான் இறுகிக்கிட்டு இருக்கு. தட்டினா மேல் பக்கம் விழுந்துரும். வேற பை இல்ல மேஸ்திரி..."

காசிநாதன் திரும்பிப் பார்த்தார். பாய்லர் வெளிச்சத்தில் சிவபாக்கியம். இடுப்பில் குழந்தை. அவள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் மழையாக வலுத்திருந்தது.

டங் டங் டங் டங் டங்.

என்ன செய்வார் மனுஷன்? தட்டினால் இருபது குடும்பம். தட்டாவிட்டால்... தட்டாவிட்டால் யார்? தம்பி இங்கே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ நன்றாக இருக்கிறான். காலையில்தானே ஆளை விட்டுப் பார்த்தோம், குழாயில் ஈ எறும்பு கூட இல்லை. இது இரும்பு. வெறும் இரும்பு.

டங் டங் டங் டங்... டங்.

சுத்தியல் கையிலேயே இருந்தது. காது இரும்பிலேயே இருந்தது. அழுதார். சத்தம் வராமல் அழுதார்.

மூன்று ஐம்பது. தட்டு மெதுவாகிவிட்டது.

நான்கு மணி. மூன்றுதான் தட்டியது.

நான்கு பத்து. இரண்டு.

நான்கு இருபத்தெட்டு...

டங்.

கடைசித் தட்டு, கொஞ்சம் இழுபட்டு.

அப்புறம் இல்லை.

மறுநாள் காலை தண்ணீரை வடித்து, பையின் முனைகளை அறுத்தெடுத்தார்கள். காசிநாதன் வேறு யாரையும் விடவில்லை, தானே உள்ளே போனார். டார்ச் வெளிச்சத்தில் புதுக் குழாய் பளபளத்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு புடைப்பு இல்லை. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. நடுக் குழாயில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். முந்தின நாள் கொடுக்காத பதிலை அப்போது கொடுத்தார்.

தொப்.

அவ்வளவுதான். துணியும் ரெசினும் சத்தத்தைத் தின்றுவிட்டன. மறுபடி ஓங்கித் தட்டினார். தொப். இனி அந்தக் குழாய்க்குள் இருந்து எவன் தட்டினாலும் வெளியே கேட்காது. அவர் வெளியே வந்தபோது மரியசெல்வம், "அண்ணே, தட்டினீங்களா? ஒண்ணுமே கேக்கலையே" என்றான்.

கரை நின்றது. அந்த வருஷம் ஐப்பசி முழுக்கக் கொட்டியும் நின்றது. லயத்துப் பெண்கள் சேனாதிபதிக்குப் பொங்கல் வைத்துக் கொடுத்தார்கள். மரியசெல்வம் மட்டும் தனக்கு வேறு தட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டான். காசிநாதன் சரி என்று மாற்றிக் கொடுத்தார்.

கார்த்திகை பிறந்து நான்கைந்து நாள் இருக்கும். கிளாவரைப் பக்கமிருந்து வந்த காய்கறி லாரியிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். நெற்றியில் பொட்டு இல்லை. பெயர் பெருமாயி என்றாள். பெரியண்ணன் பெண்சாதி. காசிநாதன் அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"ஐப்பசிலயே செத்துட்டாக மாமா. ஒங்க வெலாசம் தெரியாமத் தேடிக்கிட்டு வாரேன்."

காசிநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னைக்கு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அந்த நாள்தான்.

"காய்ச்சல்னு ஆஸ்பத்திரில போட்டிருந்தோம். கொறஞ்சுகிட்டுதான் வந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் நான் வாசல்ல, மூணு மணிக்கு எப்படா உள்ள விடுவாகன்னு மணியவே பாத்துக்கிட்டு நிக்கேன். பத்து நிமிசம் கெடக்கு. உள்ள டங்கு டங்குன்னு சத்தம். ஓடிப்போயிப் பாத்தா, எந்திரிச்சு ஒக்காந்து கரண்டியால கட்டில் கம்பியத் தட்டுறாக. பிடிச்சும் பாத்தோம், நிறுத்தல. நாலரை வரைக்கும் தட்டினாக. சுடுது சுடுதுன்னாக. தொட்டுப் பாத்தா ஒடம்பு சில்லுன்னு கெடக்கு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குளிப்பாட்டையில தோலு கையோட வந்துச்சு மாமா. உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் வெந்து போயி... டாக்டருக்கே ஒண்ணும் வெளங்கல. யாரு வெந்நி ஊத்துனதுன்னு என்னையத்தான் கேட்டாக."

காசிநாதன் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒவ்வொரு தரமும் தட்டிட்டு, கம்பியில காத வச்சு வச்சுக் கேப்பாக. யாரு இருக்கா அங்கனன்னு கேட்டேன். 'அண்ணன்தான். அந்தப் பக்கம் காத வச்சுக்கிட்டு இருக்கான், அழுவுறது கேக்குது'ன்னாக. பெறகு கடைசியா ஒரு தட்டுத் தட்டிட்டு..."

அவள் காசிநாதனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க அன்னைக்கு எங்கிட்டு இருந்தீக மாமா?"